‘சொல்லுங்க’ என்றவரும் சொல்லாமல் திரும்பியவர்களும்: ஒரு பரிசோதனைக்கூடத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது இது. அந்த மருத்துவமனையில் பணியாளர் பயிற்சியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பரிசோதனைக்கூட வேலை எனக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கூடத்தின் மேற்பார்வையாளர் நாற்பதைத் தாண்டியவர். அதே இடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, 13 வருடம் மற்றவர்களோடு ஒரே மேசையில் வேலை பார்த்து, அப்புறம் மேற்பார்வையாளர் ஆனவர். நான் இதற்குள் நுழைந்தபோது அவர் பொறுப்பேற்று 4 வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் கீழே 9 பேர்: ஆறு டெக்னீஷியன்கள், ரத்தம் எடுக்கும் இருவர், கணினியில் பதிவு செய்யும் பெண் ஒருவர். வேலையில் அவரைக் குறை சொல்ல யாரிடமும் ஒன்றுமில்லை. சந்தேகமான ஸ்லைடு என்றால் எல்லோரும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள்.

மூன்று மாதத்துக்குள் இரண்டு டெக்னீஷியன்கள் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் இருவருமே ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரம் டியூப் விவகாரம் நடந்தது.

டியூப் விவகாரம்

ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ரத்தத்தை ஊதா மூடி போட்ட டியூபில் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கும். எடுத்தவுடன் டியூபைச் சில முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்காவிட்டால் உள்ளே சின்னதாக ரத்தம் கட்டிவிடும். அந்தக் கட்டியில் பிளேட்லெட்டுகள் சிக்கிக்கொள்வதால் இயந்திரம் உண்மையைவிடக் குறைவான எண்ணிக்கையைக் காட்டும். அப்படியே ரிப்போர்ட் போனால், இல்லாத குறைக்கு வைத்தியம் ஆரம்பமாகிவிடலாம்.

அன்று காலை, சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஒரு டெக்னீஷியன், பிளேட்லெட் எண்ணிக்கை மிகக் குறைவாக வந்த ஒரு டியூபைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். குச்சியோடு நூல்போல ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்ல மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும். போனார், திரும்பி வந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி போனார், மறுபடி திரும்பி வந்தார். வார்டிலிருந்து ரிப்போர்ட் கேட்டுத் தொலைபேசி வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் 40 நிமிடம் போய்விட்டது. தவறான ரிப்போர்ட் வெளியே போகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று நிர்வாகம் கேட்டது. “ரெண்டு தடவை சொன்னேன். சார் காதுல வாங்கிக்கல” என்றார் அந்தப் பெண். “வந்தாங்க. சொல்லுங்கன்னுதான் சொன்னேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க” என்றார் மேற்பார்வையாளர்.

இருவரையும் தெரிந்தவர்கள் யாரும் இதில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. விசாரணையாக நடத்த விருப்பமில்லாமல்தான் நிர்வாகம் விஷயத்தை என்னிடம் தள்ளியது.

முதல் முடிவு: படிவம்

மாற்றல் கேட்ட இருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. பெயர் போடாமல் எழுதச் சொன்னால் எழுதுவார்கள் என்று தோன்றியது. அதனால் எங்களிடம் வழக்கமாக இருக்கும் படிவத்தையே எடுத்தேன். 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மேற்பார்வையாளர் தன்னைப் பற்றித் தானே போட வேண்டும். அவருக்குக் கீழே இருக்கும் 9 பேரும், மேலே இருக்கும் தலைமை மருத்துவரும் அவரைப் பற்றிப் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் குணங்களைச் சொல்லும் சொற்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு உளவியலாளர்கள் கொடுத்த யோசனையிலிருந்து வந்தது இது. இருவருடைய முதற்பெயர்களையும் ஒட்டி அதற்கு ‘ஜோஹாரி சாளரம்’ என்று பெயர். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது என்று நான்கு கட்டங்கள். இரு தரப்பும் எடுத்த சொற்களை அந்தக் கட்டங்களில் போட்டுப் பார்ப்பார்கள். பட்டியலில் ‘கர்வம்’, ‘அலட்சியம்’ போன்ற சில சொற்களை என் பங்குக்கு நானே சேர்த்தேன். மனதில் இருப்பது வெளியே வரட்டும் என்று நினைத்தேன்.

வந்தது. ‘எந்த நேரத்திலும் இவரிடம் போய்ப் பேசலாம்’ என்ற வாக்கியத்துக்கு அவர் தனக்குப் போட்டுக்கொண்டது 5. ஒன்பது பேரின் சராசரி 1.9. ‘சொல்வதை முழுதாகக் கேட்பார்’ என்பதற்கு அவர் 4, அவர்கள் 2.1. ‘தொழில் தெரிந்தவர்’ என்பதில் மட்டும் நிலைமை தலைகீழ்: அவர் 4, அவர்கள் 4.9. தலைமை மருத்துவர் எல்லாவற்றுக்கும் வரிசையாக 5 போட்டிருந்தார். படிக்காமல் போட்டிருப்பார் என்று அதை ஓரமாக எடுத்து வைத்தேன்.

சொற்களின் பக்கம் இன்னும் விசித்திரமாக இருந்தது. தனக்கென்று அவர் எடுத்த ஆறு: பொறுப்பு, நேர்மை, பொறுமை, உதவும் குணம், கூச்சம், பதற்றம். ஒன்பது பேரும் ‘பொறுப்பு’ என்பதை எடுத்திருந்தார்கள். ஆறு பேர் ‘கர்வம்’ எடுத்திருந்தார்கள், நான்கு பேர் ‘அலட்சியம்’. ‘கூச்சம்’, ‘பதற்றம்’ இரண்டையும் ஒருவர்கூடத் தொடவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று என் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். அவருக்குத் தெரியாதது என்ன என்பதில் மட்டுமே அப்போது என் கண் இருந்தது. அவருக்கு மட்டுமே தெரிந்த அந்த இரண்டு சொற்களை நான் கவனிக்கவே இல்லை.

கவர்

முடிவுகளை ஒரு தாளில் தொகுத்து, ஒட்டிய கவரில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை அவர் கிளம்பும் நேரத்தில் கொடுத்தேன். தனிமையில் படிக்கட்டும், யோசிக்க இரண்டு நாள் கிடைக்கும், திங்கட்கிழமை பேசலாம் என்பது என் கணக்கு. முழுத் தவறு.

திங்கட்கிழமை காலை அவர் மைக்ராஸ்கோப்பைச் சுவரோர மேசைக்கு மாற்றியிருந்தார். இப்போது யார் போனாலும் அவருடைய முதுகுதான் தெரியும். ‘சொல்லுங்க’ என்பதும் நின்றுபோயிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். ஒருவர் எழுதியிருந்த குறிப்பைச் சொல் மாற்றாமல் அப்படியே தாளில் சேர்த்திருந்தேன்: ‘நமக்கெல்லாம் மூஞ்சி காட்ட மாட்டார்.’ அந்தப் பேச்சு யாருடையது என்று அவருக்குப் படித்தவுடனே தெரிந்துவிட்டது. ஒன்பதே பேர் இருக்கும் இடத்தில், 13 வருடம் அருகருகே உட்கார்ந்தவர்களுக்குள், பெயர் போடாத படிவம் என்று எதுவும் இல்லை. அந்த மூத்த டெக்னீஷியனிடம் அவர் அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறர் கருத்தைக் கேட்டால் ஆள் திருந்துவார் என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. 1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த நூற்றுக்கணக்கான பரிசோதனை முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட முடிவுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பயிற்சி வகுப்பில் நானே பலமுறை சொன்ன விஷயம். அப்படியிருந்தும், ‘கர்வம்: 6 பேர்’ என்று அச்சடித்துக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் செவ்வாய்க்கிழமை காலை என்ன செய்வார்? எதைக் குறைப்பார்?

இரண்டாவது முடிவு: உட்கார்ந்து பார்ப்பது

படிவத்தை மூடி வைத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கூடத்தில் மூன்று காலைகள், தலா இரண்டு மணி நேரம் உட்கார அனுமதி வாங்கினேன். மைக்ராஸ்கோப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவரவும் அவர் ஒப்புக்கொண்டார். குணத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் பார்த்தது புரியும். பெரும்பாலான சாம்பிள்களை இயந்திரமே எண்ணிவிடும். இயந்திரம் சந்தேகப்படும் சாம்பிளுக்கு மட்டும் ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஆள் பார்க்க வேண்டும். கண் மைக்ராஸ்கோப்பில் இருக்க, விரல்கள் பக்கத்தில் இருக்கும் கவுண்ட்டரின் பொத்தான்களைத் தட்டும். வெள்ளை அணுவில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். தட்டுகிற ஒவ்வொரு முறையும் ‘டிக்’. 100 அணு ஆனதும் மணி அடிக்கும். நடுவில் கண்ணை எடுத்தால் விட்ட இடத்தைப் பிடிப்பது சிரமம்.

யாராவது போனால் நடந்தது இதுதான். வருகிறவர் மேசைக்கு இரண்டு அடி தள்ளி நிற்பார். இவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே “சொல்லுங்க” என்பார். டிக். வந்தவர் “சார், அந்த ஏழாவது வார்டு சாம்பிள்...” என்று ஆரம்பிப்பார். டிக், டிக். “ம்.” டிக். வந்தவர் கொஞ்சம் நிற்பார். “அப்புறம் வரேன் சார்.” டிக். பதில் இருக்காது.

ஆறு மணி நேரத்தில் மொத்தம் 37 முறை ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அதில் 26 முறை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த 26-ல் அவர் கண்ணை எடுத்தது 4 முறை. நான்கில் மூன்று, தலைமை மருத்துவர் வந்தபோது. அப்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். எண்ணிக்கை 60-லோ 70-லோ அப்படியே நின்றது. மருத்துவர் போன பிறகு கவுண்ட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து எண்ணினார்.

ஒன்பது பேரும் இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஆறு பேர் ‘கர்வம்’ என்ற சொல்லை எடுத்ததில் எனக்கு அதன் பிறகு ஆச்சரியம் இல்லை.

அவரோடு பேசியது

முதலில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. நான் பார்த்ததை அப்படியே படித்துக் காட்டினேன். ‘சொல்லுங்க’ வரும் இடத்தில் தலையாட்டினார். “எவ்வளவு வேலை இருந்தாலும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன் சார். எண்ணிட்டே கேட்பேன். அதான் அஞ்சு போட்டேன்.” அவர் கணக்கில் அந்த 5 பெருமையடிப்பது கிடையாது. தனக்குச் சிரமமானாலும் எல்லோருக்கும் காது கொடுக்கிறோம் என்றே அவர் நிஜமாக நினைத்திருக்கிறார்.

நடுவில் கண்ணை எடுத்தால் எண்ணிக்கை போய்விடும் என்றார். தலைமை மருத்துவர் வந்த மூன்று முறையையும் படித்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “எழுந்திருக்கேனா?” என்று கேட்டார். எழுந்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். நடிப்பாக இருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு தாமதமாக வந்திருக்காது.

அப்புறம்தான் அந்த இரண்டு சொற்களைப் பற்றிக் கேட்டேன். கூச்சம், பதற்றம். வாராந்திரக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் பேச எழுந்தால் தன் கை நடுங்கும், தாள் சலசலக்கும், அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைத்ததை வேகமாகப் படித்துவிட்டு, கேள்வி வருவதற்குள் கிளம்பிவிடுவாராம். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் இன்று அதிகாரமாகப் பேசுவது எப்படி என்று நான்கு வருடமாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் கண் இருக்கும்போது மட்டும் அந்தத் தொல்லை இல்லையாம்.

அவர் அனுமதியோடு, நடுக்கத்தைப் பற்றி ஒன்பது பேரிடமும் கேட்டேன். எட்டுப் பேர் பார்த்ததே இல்லை. பதிவு செய்யும் பெண் மட்டும் ஒருமுறை கவனித்திருக்கிறார். ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார்போல என்று நினைத்து விட்டுவிட்டாராம். கூட்டத்திலிருந்து அவர் வேகமாகக் கிளம்புவதை மட்டும் ஒன்பது பேரும் பார்த்திருந்தார்கள். ‘நம்மகூட ரெண்டு நிமிஷம் உட்கார மனசு வராது’ என்பது அதற்கு அவர்கள் கொண்ட அர்த்தம்.

உள்ளே இருப்பது வெளியே கண்ணாடிபோலத் தெரிகிறது என்ற இந்த நினைப்பை உளவியலில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவருக்கென்றே செய்ததுபோல இருக்கும். மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் படபடப்பு கேட்பவர்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறார்களோ, அவ்வளவு தெரிவதில்லை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது, அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். இவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. “எட்டுப் பேரா?” என்று இரண்டு முறை கேட்டார்.

படிவத்தின் புதிரும் இங்கே கொஞ்சம் அவிழ்ந்தது. சிமீன் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் எழுதிய கட்டுரையில் ஒரு பாகுபாடு செய்கிறார். பதற்றம்போல உள்ளே நடப்பவற்றைச் சம்பந்தப்பட்டவரே சரியாக மதிப்பிடுகிறார். அறிவு, திறமைபோல நல்லது கெட்டது என்ற எடை ஏறிய குணங்களை நண்பர்கள் அவரைவிடச் சரியாக மதிப்பிடுகிறார்கள். இந்தக் கூடத்தில் இரண்டு தரப்பும் தங்களுக்குத் தெரிந்த பாதியைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். நான்தான் ஒரு தரப்பைப் பிழை என்றும் மறு தரப்பை விடை என்றும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

டியூப் விவகாரத்தை மறுபடி படித்தல்

அந்த இளம் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, அன்று சொன்ன வாக்கியத்தை அதே குரலில் சொல்லச் சொன்னேன். “சார், அந்த பிளேட்லெட் குறைவா வந்த டியூப்...” அவ்வளவுதான். மெல்லிய குரல். முடிவில்லாத வாக்கியம். ‘கட்டி’ என்ற சொல் இல்லை, ‘மறுபடி எடுக்கணும்’ என்பதும் இல்லை.

“அவசரம்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“என் குரல்லயே தெரியுமே சார். எனக்குக் கைகால் எல்லாம் பதறுச்சு.”

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மேற்பார்வையாளர் முகத்தில் பார்த்த அதே அவநம்பிக்கை.

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்த சோதனை ஒன்று உண்டு. சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் தட்ட, எதிரே இருப்பவர்கள் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120-ல் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவருக்குள்ளே முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு வெறும் தட்டல். அன்று காலை அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளருக்குக் கேட்டது ஒரு பாதி வாக்கியம். அந்தப் பெண்ணுக்குக் கேட்டது டிக், டிக்.

மற்றவர்களையும் விடவில்லை. ‘அவரிடம் பலமுறை சொல்லிவிட்டோம், பயனில்லை’ என்று நான்கைந்து பேர் சொல்லியிருந்தார்கள். எப்போது, எங்கே, என்ன வார்த்தை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனதில், அவர்கள் ஒருவருக்கொருவர்தான் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. நேரே அவரிடம் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

எடுத்த முடிவுகள்

மூன்று ஏற்பாடுகள் செய்தோம். எண்ணும்போது யாராவது வந்தால் மேற்பார்வையாளர் ‘சொல்லுங்க’ என்று சொல்வதில்லை. “அவசரமா? இல்லன்னா நூறு முடியட்டும்” என்பார். மணி அடித்ததும் நாற்காலியைத் திருப்பி, முகம் பார்த்துக் கேட்பார். அவசரம் என்றால் எண்ணிக்கையை விட வேண்டும், தலைமை மருத்துவருக்கு விட்டதுபோல.

வருகிறவர்களுக்கும் ஒரு விதி. முதல் வாக்கியத்திலேயே என்ன செய்ய வேண்டும் என்பது இருக்க வேண்டும்: ‘டியூபில் கட்டி இருக்கு, மறுபடி எடுக்க ஒப்புதல் வேணும்.’ அதற்கு முன்னால் ‘அந்த...’, ‘ஒரு சின்ன விஷயம்...’ என்று எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, படிவத்துக்கு மாற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முறைவைத்து இரண்டு பேர், அவரிடம் நேரில் ஒரே ஒரு காட்சியைச் சொல்வார்கள்: எந்த நாள், என்ன செய்தீர்கள், அதனால் எனக்கு என்ன ஆனது. குணத்தைக் குறிக்கும் சொல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘அலட்சியமா இருந்தீங்க’ என்றால் சண்டை வரும். ‘செவ்வாய்க்கிழமை ஸ்லைடைக் கொடுத்தப்ப பார்க்காமலே வாங்கி வெச்சீங்க, சரியா இருக்கான்னு தெரியாம மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்’ என்றால் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். அவரும் அந்த இருவருக்கும் ஒவ்வொரு காட்சி சொல்வார்.

நான்காவதாக நடந்த ஒன்று என் யோசனை இல்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் வழக்கம்போலத் தாளை எடுத்தார், ஆனால் அதைப் படிக்காமல் மேசையில் வைத்தார். “கூட்டத்துல பேசினா எனக்குக் கை நடுங்கும். அதனாலதான் சீக்கிரம் போயிடறேன். வேற ஒண்ணுமில்ல” என்றார். மூன்றே வாக்கியம். அன்று கேள்விகள் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். முன்கூட்டியே கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பின் நடந்தவை

முதல் மாதம் தடுமாற்றமாகவே போனது. “நூறு முடியட்டும்” என்பதைச் சிலர் புதுவிதமான விரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். மணி அடித்த பிறகு அவர் நிஜமாகவே திரும்புகிறார் என்பது பழகிய பிறகுதான் அது அடங்கியது. காட்சி சொல்லும் வழக்கத்தில் முதல் மூன்று சுற்றுகள் பாராட்டுகளாகவே வந்தன. நான்காவது சுற்றில் ரத்தம் எடுக்கும் ஊழியர் ஒருவர், தான் கொண்டுவந்த டியூபை அவர் திருப்பிக் கொடுத்தபோது மற்றவர்கள் முன்னால் மூடியைத் தட்டிக் காட்டியதைச் சொன்னார். அதன் பிறகு பேச்சு சகஜமானது.

மாற்றல் கேட்ட இருவரில் ஒருவர் மனுவைத் திரும்பப் பெற்றார். மற்றவர், ‘மூஞ்சி காட்ட மாட்டார்’ என்று எழுதிய மூத்த டெக்னீஷியன், போய்விட்டார். அவரிடம் பேசினேன். “கை நடுங்குச்சுன்னு இப்ப சொல்றார், சரி. நாலு வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேட்கலயே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காரணம் தெரிந்துவிட்டால் பட்டது இல்லை என்று ஆகிவிடாது.

ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் மறுபடி கொடுத்தேன். ‘எந்த நேரத்திலும் போய்ப் பேசலாம்’ என்பதற்கு அவர் இப்போது தனக்குப் போட்டது 3. மற்றவர்களின் சராசரி 3.3. இடைவெளி அநேகமாக இல்லை. வெற்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கைப் பார்த்தால் இடைவெளி மூடியதில் பெரும் பங்கு அவர் இறங்கி வந்தது. தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த நல்ல எண்ணத்தில் ஒரு துண்டு போய்விட்டது. அது தேவையான இழப்பா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாம்பிள் பிரச்சினைகள் முன்பைவிடச் சீக்கிரம் அவர் காதுக்கு வருகின்றனவா என்பதற்கு என்னிடம் எண் இல்லை, ஏனென்றால் முன்பு யாரும் குறித்து வைக்கவில்லை. வருகின்றன என்று அந்த இளம் டெக்னீஷியன் சொல்கிறார்.

கடைசிச் சந்திப்பில், என்னைப் பற்றியும் ஒரு காட்சி சொல்லும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “கவரைப் பத்தி நான் பேசிட்டிருந்தப்ப எழுதிட்டே லேசா சிரிச்சீங்க. அன்னிக்கு மீதியை நான் சொல்லல.” சிரித்தது எனக்கு நினைவில்லை. கவனமாகக் கேட்கும்போது என் முகம் அப்படிப் போகுமாம்; வீட்டில் கேட்டதில் உறுதி செய்தார்கள்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

படிவத்திலிருந்து தொடங்க மாட்டேன். முதல் நாளே போய் உட்கார்ந்திருந்தால் கவரும் இல்லை, சுவரோர மேசையும் இல்லை. பத்துப் பேருக்கும் குறைவான இடத்தில் ‘பெயர் வெளியே தெரியாது’ என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். யார் எழுதியதையும் அவர்கள் சொற்களிலேயே தர மாட்டேன்.

‘கர்வம்’ போன்ற சொல்லை நானே பட்டியலில் எழுதிக் கொடுத்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நான் எழுதியிருக்காவிட்டால் அந்த ஆறு பேரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இனித் தெரிய வழியில்லை. ஒருவேளை ‘கண்ணை எடுக்க மாட்டார்’ என்று சொல்லியிருப்பார்கள்.

மாற்றலில் போன மூத்த டெக்னீஷியனிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும், ஆய்வுக்கான ஆளாகப் பார்க்காமல் பாதிக்கப்பட்டவராக. நான் முழுக்க மேற்பார்வையாளரின் பக்கமே உட்கார்ந்துவிட்டேன்.

தலைமை மருத்துவரின் படிவத்தை ஓரமாக வைத்ததும் தவறு. அவர் படிக்காமல் போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லப் போனபோது, அந்த அறையில் என்ன பிரச்சினை என்பதே அவருக்குப் புரியவில்லை. “அவரா? தங்கமான மனுஷன் ஆச்சே. எப்ப போனாலும் செஞ்சிட்டு இருக்கிற வேலையை விட்டுட்டு எழுந்து நின்னு பேசுவாரே” என்றார்.